விராலா, அவிரியா, குறவையா? குஞ்சு வாங்கும் முன் பிரித்தறிய ஒரு வழிகாட்டி

விரால் குஞ்சு என்று சொல்லி விற்கப்படுவதெல்லாம் விரால் இல்லை. குட்டை வெட்டி, தண்ணீர் கட்டி, தீவனம் போட்டு மாதக்கணக்கில் வளர்த்த பிறகு வலை இழுத்தால், ஒரு பகுதி மீன் கையளவுக்கு மேல் வளரவே இல்லை என்று தெரியவரும். அது நோயும் இல்லை, தீவனக் குறையும் இல்லை. அந்த மீன் அவ்வளவுதான் வளரும், ஏனென்றால் அது குறவை. எனக்கு விற்றவரிடம் கேட்டபோது, "குஞ்சுல எல்லாம் ஒண்ணுதானே சார் தெரியும்" என்றார். ஒன்றாகத் தெரிவது உண்மைதான். ஆனால் ஒரு வெள்ளைத் தட்டும் பத்து நிமிடப் பொறுமையும் இருந்தால் பிரித்துவிடலாம். அதை யாரும் முதலிலேயே சொல்லித் தராததால் இதை எழுதுகிறேன்.

புதிதாக விரால் வளர்க்க இறங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. சந்தையில் உயிர் மீன் வாங்குகிறவர்களுக்கும், தூண்டில் போடுகிறவர்களுக்கும் 3 முதல் 6 வரையுள்ள படிகளே போதும்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நிறத்தை நம்பாதீர்கள். விரால் இனத்து மீன்கள் எல்லாமே இருக்கும் தண்ணீருக்கு ஏற்ப நிறம் மாறும். கலங்கல் குட்டையில் வெளிறியும், தாமரைக் குளத்தில் கருத்தும் இருக்கும். பயந்தால் ஒரு மாதிரி, ஐஸில் போட்டால் வேறு மாதிரி. நிறம் சந்தேகத்தைக் கிளப்ப உதவும், முடிவு சொல்ல உதவாது. முடிவு சொல்வது துடுப்புக் கதிரும் செதிலும்தான்.

1. நான்கு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டின் ஏரி, குளம், வாய்க்கால்களில் உங்களைக் குழப்பக்கூடியவை பெரும்பாலும் இந்த நான்கு.

விரால்: சன்னா ஸ்ட்ரையேட்டா என்பது அறிவியல் பெயர். வளர்ப்புக்கு நாம் தேடுவது இதைத்தான். தெலங்கானாவின் மாநில மீனான கொரமேனுவும் இதேதான். நல்ல இடமும் தீவனமும் கிடைத்தால் எட்டுப் பத்து மாதத்தில் முக்கால் கிலோ வரை வரும்.

அவிரி: பூவிரால் என்றும் சொல்வார்கள். சன்னா மருலியஸ். நம் நான்கில் இதுவே பெரியது, ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். பெரிதாகிறதே, நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். விராலோடு சேர்த்து விட்டால் விராலையே தின்று பெரிதாகும்.

குறவை: கொரவை என்றும் வழங்கும். சன்னா பங்க்டேட்டா. அதிகபட்சம் ஓரடி, பெரும்பாலும் அதில் பாதிதான். சாப்பிட ருசியான மீன். ஆனால் விராலுக்குக் கணக்குப் போட்ட தீவனச் செலவை இது திருப்பித் தராது.

பாறைக் குறவை: சன்னா கச்சுவா. நான்கில் சிறியது. ஓடை, மலையடிவார வாய்க்கால்களில் அதிகம். துடுப்பு ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு போட்ட அழகான மீன்.

ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஓர் ஊரில் அவிரி என்பதை இன்னோர் ஊரில் பெரிய விரால் என்பார்கள். வியாபாரியிடம் பேசும்போது உள்ளூர்ப் பெயரோடு அறிவியல் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை. தெரிந்தும் வாயில் சொல்லிவிட்டு ரசீதில் எழுத மறுக்கிறார் என்றால் அங்கே வாங்காதீர்கள்.

"வியட்நாம் விரால்", "ஹைபிரிட் விரால்" என்றெல்லாம் விளம்பரம் வரும். அது வியாபாரப் பெயர், இனத்தின் பெயர் அல்ல. அந்தக் குஞ்சுக்கும் இதே சோதனைகளைச் செய்யுங்கள்.

2. கையில் என்னென்ன வேண்டும்

பெரிய செலவு ஒன்றும் இல்லை. வெள்ளை பிளாஸ்டிக் தட்டு ஒன்று, ஆழம் குறைந்ததாக. பக்கவாட்டில் பார்க்க, ஒல்லியான கண்ணாடி டப்பா அல்லது தெளிவான பிளாஸ்டிக் டப்பா ஒன்று. மெல்லிய கண்ணி உள்ள கைவலை, 30 சென்டிமீட்டர் ஸ்கேல், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பூதக்கண்ணாடி, நனைத்த சிறிய பெயிண்ட் பிரஷ். எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடியும். அப்புறம் உங்கள் செல்போன், அதில் கிட்டத்திலிருந்து தெளிவாகப் படம் எடுக்கும் வசதி இருந்தால் போதும்.

விரால் துள்ளும். தட்டில் விட்டதும் மேலே ஒரு வலைத் துணியைப் போடுங்கள். டப்பாவில் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். இவை செவுளால் மட்டும் மூச்சு விடுகிற மீன்கள் அல்ல, மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். மேலே வர வழி இல்லாமல் மூடிவைத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். குஞ்சை டிரம்மில் ஏற்றி வரும்போதும் இதை மறக்க வேண்டாம். தண்ணீர் குறைவாக, மேலே காற்றுக்கு இடம் விட்டு, மூடியில் ஓட்டை போட்டுக் கொண்டு வரவேண்டும்.

3. முதலில் வாலைப் பாருங்கள்

மீனைக் கண்ணாடி டப்பாவில் விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். வால் துடுப்பு தொடங்கும் இடத்தில், மேல்பாதியில், ஒரு கறுப்பு வட்டமும் அதைச் சுற்றி ஆரஞ்சு அல்லது வெளிர் வளையமும் இருந்தால் அது அவிரி. மயில் பீலியின் கண் போல அவ்வளவு தெளிவாக இருக்கும். ஓரளவு வளர்ந்த மீனில் இதைவிட எளிய அடையாளம் வேறு இல்லை. கூடவே, பின்பாதி உடம்பில் முத்துத் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகளும் பக்கவாட்டில் பெரிய கறுப்புத் திட்டுகளும் இருக்கும்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. வயதான பெரிய அவிரியில் இந்த வட்டம் மங்கிப்போகும். மிகச் சின்னக் குஞ்சில் தெளிவாக வந்திருக்காது. ஆகவே வட்டம் இருந்தால் அவிரி என்று சொல்லலாம். வட்டம் இல்லை என்பதால் அவிரி இல்லை என்று சொல்ல முடியாது.

இன்னொரு குழப்பமும் வரும். பாறைக் குறவைக் குஞ்சில் முதுகுத் துடுப்பின் பின்கோடியில் கண் மாதிரி ஒரு புள்ளி வருவதுண்டு. அது முதுகில், அவிரியின் வட்டம் வாலடியில். எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

4. அடியில் இருக்கும் துடுப்புகளைப் பாருங்கள்

விரால், அவிரி இரண்டும் ஒரு பக்கம், இரண்டு குறவைகளும் இன்னொரு பக்கம் என்று (5, 6-ஆம் படிகளில்) பிரிந்த பிறகு, குறவைகளைத் தங்களுக்குள் பிரிக்க இந்தப் படி உதவும்.

செவுளுக்குப் பின்னால் விசிறி மாதிரி இருப்பது மார்புத் துடுப்பு. அதற்குக் கீழே, வயிற்றில் சோடியாக இருப்பது வயிற்றுத் துடுப்பு. இரண்டின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். வயிற்றுத் துடுப்பு மார்புத் துடுப்பில் பாதிக்கும் குறைவாக இருந்தால் பாறைக் குறவை. பாதியைவிட நன்றாக நீண்டிருந்தால் குறவை. பாறைக் குறவையின் மார்புத் துடுப்பில் வளைவு வளைவாகக் கறுப்புப் பட்டைகளும் இருக்கும். விரித்துப் பிடித்தால் தெளிவாகத் தெரியும்.

5. முதுகுத் துடுப்புக் கதிரை எண்ணுங்கள்

இதுதான் இந்த வேலையின் மையம். இதைப் பழகிக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் சமாளிக்கலாம்.

இந்த மீன்களின் முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வால் வரை ஒரே நீளமாக ஓடும். அதைத் தாங்கும் மெல்லிய குச்சிகள்தான் கதிர்கள். ஜிலேபிக்கும் பனையேறிக் கெண்டைக்கும் இருப்பது போலக் குத்தும் முள் இவற்றுக்குக் கிடையாது, எல்லாம் வளையும் கதிர்கள். கையில் குத்தினால் அது விரால் இனமே இல்லை. மீசை இருந்தால் கெளுத்தி வகை. அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மீசை வைத்த குஞ்சை "வேகமா வளரும்" என்று யாராவது கூடவே தள்ளிவிடப் பார்த்தால் வாங்கவே வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு நம் நாட்டில் தடை உண்டு. பிடிபட்டால் மீனை அழித்துவிடுவார்கள், போட்ட பணமும் போகும்.

எண்ணும் முறை இதுதான். மீனை ஈரத்தட்டில் ஒரு பக்கமாகப் படுக்க வையுங்கள். கண்ணை ஈரத்துணியால் மூடினால் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். நனைத்த பிரஷால் முதுகுத் துடுப்பை வாலிலிருந்து தலையை நோக்கி மெதுவாக நீவுங்கள், துடுப்பு விரியும். உடனே போனில் படம் எடுத்துவிட்டு மீனைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். மீனைப் பிடித்துக்கொண்டே எண்ணாதீர்கள், அது நெளிந்தால் எண்ணிக்கை தவறிவிடும். படத்தைப் பெரிதாக்கி, துடுப்பின் அடியில், உடம்போடு சேரும் இடத்தில் எண்ணுங்கள். நுனியில் எண்ணக் கூடாது, ஏனென்றால் நுனியில் கதிர்கள் கிளைவிடும். கடைசிக் கதிர் அடிவரை இரண்டாகப் பிளந்த மாதிரித் தெரியும். அதை ஒன்றாகவே கணக்கில் எடுங்கள்.

கிடைக்கும் எண்ணை இப்படிப் படிக்க வேண்டும்:

28 முதல் 33 வரை என்றால் குறவை.
32 முதல் 37 வரை என்றால் பாறைக் குறவை.
37 முதல் 46 வரை என்றால் விரால்.
45 முதல் 55 வரை என்றால் அவிரி.

ஓரங்களில் எண்கள் ஒன்றோடொன்று உரசுவதைக் கவனித்திருப்பீர்கள். 33 வந்தால் எந்தக் குறவை என்பதை 4-ஆம் படியில் முடிவு செய்யலாம். 45 வந்தால் விராலா அவிரியா என்பதற்கு அடிப்பக்கத் துடுப்பை எண்ணுங்கள். ஆசனவாய்க்குப் பின்னால் தொடங்கி வால் வரை ஓடும் அந்தத் துடுப்பில் விராலுக்கு 23-லிருந்து 29 கதிர் வரை, அவிரிக்கு 28-லிருந்து 36 வரை. இரண்டு துடுப்பிலும் ஒரே சமயத்தில் எல்லைக்கோட்டில் நிற்கும் மீன் அபூர்வம். அப்படி வந்தால் அடுத்த படி தீர்த்துவிடும்.

விரலுக்குள் அடங்கும் குறவையை விராலிலிருந்து பிரிக்க இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை. 30 எங்கே, 42 எங்கே? ஒன்றிரண்டு தப்பாக எண்ணினாலும் முடிவு மாறாது.

6. கன்னச் செதிலும் பக்கக் கோடும்

சந்தையில் துடுப்பு கிழிந்து, மடங்கி, ஒட்டிக் கிடக்கும் மீனில் கதிர் எண்ண முடியாது. அப்போது கன்னத்தைப் பாருங்கள்.

கண்ணின் பின்விளிம்பிலிருந்து, செவுள் மூடிக்குச் சற்று முன்னால் எலும்பு வளையும் மூலை வரை எத்தனை வரிசை செதில் இருக்கிறது என்று எண்ண வேண்டும். இரண்டு குறவைக்கும் 5 வரிசையைச் சுற்றித்தான் இருக்கும், பெரிய பெரிய செதில்களாக. விராலுக்கு 9, அவிரிக்கு 10. விரால் அவிரி வித்தியாசத்தை இதில் தேடாதீர்கள், ஒன்றுதான் வேறுபாடு. ஆனால் 5-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம் பூதக்கண்ணாடி இல்லாமலே தெரியும். பழகிவிட்டால் எண்ணவே வேண்டாம். குறவையின் முகம் பெரிய ஓடு வேய்ந்த மாதிரியும், விராலின் முகம் சின்னச் சின்னச் செதில்களாகவும் இருக்கும்.

விராலையும் அவிரியையும் பிரிக்கப் பக்கக் கோடு உதவும். உடம்பின் நடுவில் துளையுள்ள செதில்களாக ஒரு கோடு செவுளிலிருந்து வால் வரை போகும். அந்தக் கோட்டில் விராலுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 செதில், அவிரிக்கு 60 முதல் 70. குறவைக்கு 40-ஐத் தாண்டுவது அரிது. பாறைக் குறவைக்கு 40-லிருந்து 45-க்குள். எண்ணும்போது ஒன்று கவனியுங்கள். இந்தக் கோடு நேராகப் போகாது. உடம்பின் முன்பகுதியில் ஓரிடத்தில் திடீரென்று ஒன்றிரண்டு வரிசை கீழே இறங்கி, அங்கிருந்து தொடரும். இறங்கும் இடத்தில் பலர் கோடு முடிந்துவிட்டது என்று நினைத்து எண்ணிக்கையைக் கோட்டைவிடுவார்கள். இறங்கிய வரிசையில் துளையுள்ள செதிலைப் பிடித்துத் தொடர்ந்து எண்ணுங்கள்.

சந்தையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வியாபாரி மீனை அடித்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, தோலுரித்த பிறகு எந்தச் சோதனையும் பலிக்காது. தொட்டியில் நீந்தும்போதே கையால் காட்டி, வெளியே எடுக்கச் சொல்லி, கன்னத்தையும் வாலையும் பார்த்துவிட்டு எடைபோடச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் உயிர் விரால் கிலோ 400 ரூபாய்க்குக் கீழே கிடைப்பதில்லை. குறவை அதில் பாதி விலைக்குக் கிடைக்கும். தலை நீக்கிய துண்டாக வைத்து விரால் விலை சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

7. குஞ்சில் பிரித்தறிவது

கடினமான பகுதி இதுதான். நம் பணம் போவதும் இங்கேதான்.

விரால் குஞ்சு ஆரம்பத்தில் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். குளத்தில் தாய் தகப்பன் காவலில் பந்து மாதிரி சுற்றித் திரியும் சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றரை, இரண்டு அங்குலம் ஆகும்போது அந்தச் சிவப்பு மறைந்து பழுப்பாகி, பக்கவாட்டில் சாய்ந்த பட்டைகள் தெரியத் தொடங்கும். அவிரிக் குஞ்சு அப்படி இல்லை. கருத்த உடம்பில் கண்ணிலிருந்து வால் வரை மஞ்சளோ ஆரஞ்சோ ஒரு பட்டை நேராக ஓடும். வெள்ளைத் தட்டில் மேலிருந்து பார்த்தாலே இரண்டு பக்கமும் அந்தக் கோடு பளிச்சென்று தெரியும். அப்படி ஒரு குஞ்சு கண்ணில் பட்டாலும் மொத்தக் கூட்டத்தையும் சலித்துப் பாருங்கள்.

இரண்டு கறுப்புக் கோடும் நடுவில் சிவப்புமாக இருக்கும் குஞ்சு வந்தால், அது நம் நான்கில் எதுவுமே இல்லை. அலங்கார மீன் கடைகளில் விற்கும் தென்கிழக்காசியப் பெரிய விரால் இனமாக இருக்கலாம், ஒரு மீட்டருக்கு மேல் வளரும் மீன் அது. அல்லது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் வாழும் சன்னா டிப்ளோகிராமாவாக இருக்கலாம். முன்னதை நம் தண்ணீரில் விடக் கூடாது. பின்னது அழியும் நிலைக்குப் போய்க்கொண்டிருக்கும் நம் மண்ணின் மீன், அதைப் பிடித்து விற்கும் இடத்தில் வாங்கக் கூடாது. எப்படிப் பார்த்தாலும் வேண்டாம்.

குறவைக் குஞ்சுக்கு இவ்வளவு தெளிவான நிற அடையாளம் கிடையாது. கதிர்தான் வழி. இரண்டு அங்குலக் குஞ்சிலும் போன் படத்தில் கதிர் தெரியும், வெயில் பக்கவாட்டிலிருந்து விழும்படி தட்டைத் திருப்பி எடுங்கள். இரண்டு அங்குலத்துக்குக் கீழே வாங்கவே வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஓர் அங்குலக் குஞ்சு மலிவுதான். ஆனால் அதைச் சோதிக்கவும் முடியாது, பிழைப்பதும் குறைவு.

எத்தனை குஞ்சு பார்க்க வேண்டும்? நூற்றுக்கு ஐந்து கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 குஞ்சு எடுத்துப் பார்த்தால், ஐந்தில் ஒரு தடவை கலப்பு கண்ணில் படாமலே தப்பிவிடும். 60 எடுத்தால், அப்படித் தப்புவது இருபதில் ஒரு தடவையாகக் குறையும். ஆகவே 60 பாருங்கள். ஒரே மூலையில் அள்ளாமல் ஹாப்பா வலையின் (குஞ்சு வைக்கத் தண்ணீருக்குள் பெட்டி மாதிரிக் கட்டும் வலை) நான்கு மூலை, நடு, அடி என்று பிரித்து எடுங்கள். விற்பவர் தானே அள்ளித் தருகிறேன் என்றால், "நானே எடுத்துக்கிறேன் அண்ணே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நீங்களே எடுங்கள்.

இதையெல்லாம்விட எளிய வழி ஒன்று இருக்கிறது. பொரிப்பகத்தில் வாங்குவதாக இருந்தால் தாய் மீனைக் காட்டச் சொல்லுங்கள். தாய் மீனில் வாலும் கதிரும் கன்னமும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், குஞ்சில் தடுமாற வேண்டியதே இல்லை. ஊசி போட்டு முட்டையிட வைக்கும் பொரிப்பகத்தில் கலப்பு வர வாய்ப்பு குறைவு. கலப்பு பெரும்பாலும் வருவது, வெவ்வேறு குளங்களில் வாரிய குஞ்சை ஒரே டிரம்மில் கொட்டி விற்பவர்களிடமிருந்து. காவல் நிற்கும் தாய் தகப்பனிடமிருந்து கூட்டத்தையே வாரிவிடுவது குளத்துக்கும் கேடு. நாலு காசு கூடக் கொடுத்தாலும் பொரிப்பகக் குஞ்சையே வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து.

8. ரசீதும் மற்ற காகிதங்களும்

குஞ்சு விலை அங்குலத்தையும் தீவனப் பழக்கத்தையும் பொறுத்தது. மிதவைத் தீவனம் தின்னப் பழகிய குஞ்சுக்கு விலை அதிகம், அதைக் கொடுக்கலாம். பழகாத குஞ்சுக்கு உயிர்த்தீனி தேட வேண்டிவரும், அந்தச் செலவு விலை வித்தியாசத்தைத் தின்றுவிடும்.

ரசீதில் இவை இருக்கட்டும்: தேதி, இனத்தின் அறிவியல் பெயர், எண்ணிக்கை, சராசரி அளவு, ஒரு குஞ்சின் விலை, எந்தக் குட்டை அல்லது பொரிப்பகத்துக் குஞ்சு, விற்பவரின் கையெழுத்து. "மீன் குஞ்சு, 2000" என்று மட்டும் எழுதித் தந்தால் அதை வைத்து எங்கேயும் பேச முடியாது. வேறு இனம் கலந்திருந்தால் அந்த அளவுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரியும் எழுதி வாங்குங்கள். பணத்தை முழுதாக முன்கூட்டிக் கொடுக்காமல், சோதனை முடிந்து வண்டி ஏற்றும்போது கொடுங்கள். சோதித்த குஞ்சுகளின் படங்களைத் தேதியோடு போனில் வைத்திருங்கள்.

அரசு மானியத்துக்குப் போகிறவர்கள் மாவட்ட மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்திலிருந்து தொடங்குங்கள். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று மானிய விகிதம் வகுக்கப்பட்டது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் எந்தப் பிரிவுக்கு ஒதுக்கீடு வந்திருக்கிறது, புது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை அலுவலகத்தில் கேட்ட பிறகே மண்வெட்டும் இயந்திரத்தை வரச் சொல்லுங்கள். வேலையை முடித்துவிட்டு மானியம் கேட்டுப் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம். முதலில் ஆய்வு, பிறகு ஒப்புதல், அதற்குப் பிறகுதான் வேலை.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார், வங்கிப் புத்தக நகல், பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், பாஸ்போர்ட் அளவுப் படம், தேவையானால் சாதிச் சான்று. நிலம் குத்தகை என்றால் பதிவு செய்த குத்தகைப் பத்திரம் வேண்டும், வெள்ளைத்தாள் ஒப்பந்தம் செல்லாது. பட்டாவில் பெயர் தாத்தா காலத்திலேயே நின்றிருந்தால் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள், அதற்குத்தான் நாள் பிடிக்கும். எல்லாவற்றிலும் இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மீன்வளர்ப்போர் பதிவும் அதே அலுவலகத்தில் கேட்டு முடித்துவிடலாம்.

குஞ்சு வாங்கிய ரசீதைச் செலவுக் கணக்கில் காட்ட வேண்டிவரும். இனத்தின் பெயரோடு ரசீது கேட்பதற்கு இது இன்னொரு காரணம்.

9. எப்போது வாங்குவது, எப்போது மறுபடி பார்ப்பது

விரால் மழைக்காலத்தில் இனப்பெருக்கம் செய்யும் மீன். மழை தொடங்கிய பிறகு ஓடி அலைந்தால், கிடைத்ததை வாங்கும் நிலைமை வரும். மழைக்கு ஒரு மாதம் முன்பே இரண்டு மூன்று பொரிப்பகங்களைப் போய்ப் பார்த்து, தாய் மீனையும் பார்த்து, முன்பணம் கொஞ்சம் கொடுத்து வையுங்கள். குஞ்சு எடுக்க விடிகாலையில் போங்கள். வெயில் ஏறினால் சோதிக்கும் குஞ்சும் வாடும், நமக்கும் அவசரம் வந்துவிடும்.

குட்டையில் நேரடியாகக் கொட்டாதீர்கள். முதல் சில வாரம் ஹாப்பா வலையிலோ சின்னத் தொட்டியிலோ வைத்திருங்கள். விரால் தன் இனத்தையே தின்னும், ஆகவே வாரம் ஒரு முறை பெரியது சிறியது பிரித்தே ஆகவேண்டும். பிரிக்கும் அந்த நாளில் இனச் சோதனையையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். முதல் மாதம் முடியும்போது வால் வட்டமும் பட்டைகளும் நன்றாகத் தெளிந்துவிடும். அன்று இன்னொரு முறை 60 குஞ்சு பார்த்துவிட்டுக் குட்டையில் விடுங்கள்.

வளர்ச்சி குன்றிய குஞ்சு எல்லாம் குறவை என்று அவசரப்பட்டு ஒதுக்கவும் வேண்டாம். தீவனத்துக்கு முண்டியடிக்க முடியாத விரால் குஞ்சும் சின்னதாகத்தான் இருக்கும். கதிரை எண்ணிப் பாருங்கள்.

10. சந்தேகம் தீராவிட்டாலோ, ஏற்கெனவே கலந்துவிட்டாலோ

எண்கள் ஒத்துவராத மீன் கிடைத்தால் மீன்வளக் கல்லூரியில் காட்டலாம். தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் கல்லூரிகள் இருக்கின்றன, பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் நாகப்பட்டினத்தில். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் மீன்வளம் படித்தவர் இருந்தால் அலைச்சல் இன்னும் குறையும். போகும் முன் படம் அனுப்புங்கள். மீனின் இடது பக்கம் முழுதாக, துடுப்பு விரிந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம். தலை மேலிருந்து ஒன்று, வயிற்றுப்பக்கம் ஒன்று, கன்னம் கிட்டத்தில் ஒன்று. எந்த ஊர், எந்தத் தண்ணீர், என்ன தேதி என்று கூடவே எழுதுங்கள். பாதி விஷயம் படத்திலேயே முடிந்துவிடும். மீனையே கேட்டால் செதில் உரியாமல் பையில் போட்டு ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள்.

குட்டையில் ஏற்கெனவே கலந்துவிட்டது என்றால் முதலில் அவிரியை வெளியே எடுங்கள். அது இருக்கும் ஒவ்வொரு வாரமும் விரால் எண்ணிக்கை குறையும். தனித் தொட்டியில் வளர்த்தால் அதற்கும் விலை உண்டு. குறவையால் அவ்வளவு அவசரம் இல்லை. கையளவு ஆனதும் வலை போட்டுப் பிரித்து, உயிரோடு உள்ளூர்ச் சந்தையில் விற்றுவிடலாம், போட்ட தீவனத்தில் ஒரு பகுதியாவது திரும்பும். எடுத்த எதையும் பக்கத்து ஏரியிலோ வாய்க்காலிலோ கொண்டுபோய் விடாதீர்கள், எங்கிருந்து வந்த குஞ்சு, என்ன நோயோடு வந்தது என்று நமக்குத் தெரியாது. கரையைச் சுற்றி இரண்டடி உயரத்துக்கு வலை கட்டிவிடுங்கள். மழை இரவில் இந்த இனத்து மீன்கள் ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த தண்ணீருக்குப் போய்விடும்.